பழம் முகத்துக்கா, வயிற்றுக்கா?

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் இருக்கிறது. இன்னொரு தட்டில் கொய்யாப் பழம் இருக்கிறது. இரண்டில் எதில் வைட்டமின் 'சி' அதிகம்?

'ஆரஞ்சு' என்று பாதிப் பேர் கை தூக்கியிருப்பீர்கள். நான் பாடம் நடத்திய வகுப்புகளிலும் அப்படித்தான் தூக்குவார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஆரஞ்சும் ஆப்பிளும்தான் வாங்கிப் போகிறோம். கொய்யா வாங்கிப் போனால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம்!

ஆனால், கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 100 கிராம் ஆரஞ்சில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கும். அதே 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேல்! நாலு மடங்கு. பள்ளிக்கூட வாசலில் கூடையில் வைத்து, நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தருகிறார்களே, அதே கொய்யாதான். உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 70 மில்லிகிராம் போதும். அரைக் கொய்யா தின்றால் அன்றைய கணக்குத் தீர்ந்தது. மீதி அரையைத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்து விடுங்கள்.

பெரிய நெல்லிக்காய் கொய்யாவையும் தாண்டிவிடும். அதியமான் தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்த கதையை எல்லாரும் படித்திருப்பீர்கள். நெல்லிக்காயைக் கடித்தால் முதலில் புளிக்கும், துவர்க்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் தித்திக்கும்! இதற்காகவே நாங்கள் சின்ன வயதில் பை நிறைய நெல்லிக்காய் வைத்திருப்போம்.

கப்பலில் நடந்த சோதனை

இந்த வைட்டமின் 'சி' இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கப்பல் கதை சொல்ல வேண்டும்.

பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் மாதக் கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். சாப்பாடு என்ன தெரியுமா? கல் மாதிரி காய்ந்த ரொட்டியும் உப்புக்கண்டமும்தான். கரையில் ஏற்றிய காய்களும் பழங்களும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று மாதம் போனதும் மாலுமிகளுக்கு ஒரு நோய் வரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். எப்போதோ ஆறிப்போன காயம்கூட மறுபடி திறந்துகொள்ளும். கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும். இந்த நோய்க்கு ஸ்கர்வி என்று பெயர். 1498ல் கள்ளிக்கோட்டைக்கு வந்தாரே வாஸ்கோடகாமா, அவர் ஊர் திரும்பும்போது அவருடைய ஆட்களில் பலர் செத்தது இந்த நோயால்தான்.

1747ல் 'சாலிஸ்பரி' என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை அவர் ஒரே இடத்தில் படுக்க வைத்தார். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ஆனால், இரண்டிரண்டு பேராக ஆறு ஜோடி பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிளைப் புளிக்க வைத்த பானம். ஒரு ஜோடிக்குத் தண்ணீர் கலந்த கந்தக அமிலத்தில் சில சொட்டு. ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்த மருந்து. ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர்! அந்த இரண்டு பேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பாவமாக இருக்கிறது. கடைசி ஜோடிக்குத் தினமும் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை.

ஆறே நாளில் கப்பலில் இருந்த பழம் தீர்ந்து போயிற்று. ஆனால், அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குப் போகும் அளவுக்குத் தேறிவிட்டார். மற்றவர் எழுந்து உட்கார்ந்து, மீதி நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஆளாகவே ஆகிவிட்டார்!

லிண்ட் இதையெல்லாம் எழுதி 1753ல் புத்தகமாக வெளியிட்டார். அப்படியும் இங்கிலாந்துக் கடற்படை தன் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க 1795 ஆனது. பெரியவர்களுக்குச் சில பாடங்கள் மண்டையில் ஏற நாளாகும்.

பழத்துக்குள் இருந்த அந்தப் பொருள் என்ன என்று கண்டுபிடிக்க இன்னும் பல வருடம் ஆயிற்று. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி, தன் ஊரில் விளைந்த மிளகாயிலிருந்து அதை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மிளகாயில் வைட்டமின் 'சி'யா என்று கேட்காதீர்கள். பச்சை மிளகாயிலும் குடைமிளகாயிலும் நிறைய உண்டு. அதற்காக யாரும் பச்சை மிளகாயைக் கடிக்கக் கிளம்பிவிட வேண்டாம்!

நம் தோல், ஈறு, எலும்பு, ரத்தக் குழாய் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்கிற புரதம். பந்தலுக்குக் கயிறு எப்படியோ அப்படி. அந்தக் கயிறு சரியாக முறுக்கேறுவதற்கு வைட்டமின் 'சி' வேண்டும். இல்லாவிட்டால் கயிறு இற்றுப்போகும், பந்தல் சரியும். ஆடு, நாய், பூனை எல்லாம் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் 'சி'யைத் தங்கள் உடம்புக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும். மனிதனுக்கும் குரங்குக்கும் அந்த வித்தை தெரியாது. குரங்கு ஏன் மரத்துக்கு மரம் தாவிப் பழம் தேடுகிறது என்று இப்போது புரிகிறதா?

பழத்துக்கும் அழகுக்கும் உள்ள பெரிய சம்பந்தம் இதுதான். தோல் உறுதியாக இருக்க, ஈறு நலமாக இருக்க, அடிபட்ட இடம் சீக்கிரம் ஆற, பழம் வாய் வழியாக உள்ளே போக வேண்டும். ஆனால், பல பேர் அதை முகத்தில் தடவினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

எலுமிச்சையும் குத்துவிளக்கும்

நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த ஒரு வருடம். ஆண்டு விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. மாணவி ஒருத்தி கைக்குட்டையால் கன்னத்தை மூடியபடி வகுப்புக்கு வந்தாள். பல்வலியோ என்று நினைத்துக் கையை எடுக்கச் சொன்னேன். இரண்டு கன்னமும் சிவந்து, அங்கங்கே கொப்புளம்.

மெல்ல விசாரித்தேன். கறுப்பாக இருப்பவர்கள் நடனத்தில் பின் வரிசையில்தான் நிற்க வேண்டும் என்று கூடப் படிக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சம் பழத்தை முகத்தில் தேய்த்தால் வெளுத்துவிடலாம் என்று வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒரு வாரமாகக் காலையில் எலுமிச்சை மூடியைக் கன்னத்தில் தேய்த்துவிட்டு, அப்படியே வந்து மைதானத்து வெயிலில் ஒத்திகைக்கு நின்றிருக்கிறாள்.

எலுமிச்சைச் சாறு கடுமையான புளிப்பு அமிலம். தோலின் மேல்பூச்சை அது அரித்துவிடும். அது மட்டும் அல்ல. எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் இருக்கும் சில பொருட்கள் நம் மேல் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால், தீப்பட்ட மாதிரி சுட்டுவிடும். புண் ஆறினாலும் அந்த இடம் கறுத்துப்போய், போவதற்கு மாதக் கணக்கில் ஆகும். வெளுக்க வேண்டும் என்று செய்தது கறுப்புத் திட்டாகத்தான் முடிந்தது.

நடன வரிசையை உயரத்தின்படி மாற்றி நிறுத்தச் சொன்னேன். அவள் குள்ளம். முன் வரிசையில், கன்னத்துத் திட்டோடு, அருமையாக ஆடினாள்.

எலுமிச்சை மூடியை வீணாக்க மனம் வரவில்லையா? கொஞ்சம் உப்பைத் தொட்டுக்கொண்டு, வீட்டில் இருக்கும் பித்தளைக் குத்துவிளக்கில் தேய்த்துப் பாருங்கள். பாட்டி புளி போட்டுத் தேய்ப்பாரே, அதே வேலைதான். விளக்கின் மேல் படிந்த கறுப்பை அமிலம் கரைத்து எடுத்துவிடும், விளக்கு பளபளக்கும். பித்தளைக் கறையையே எடுக்கிற சரக்கை மென்மையான கன்னத்தில் தேய்க்கலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற பொருள். அதை உண்டாக்கும் செல்கள் கறுப்பு நிறத்தவருக்கும் வெள்ளை நிறத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருக்கு அவை அதிகமாக வேலை செய்யும், சிலருக்குக் குறைவாக வேலை செய்யும், அவ்வளவுதான் வித்தியாசம். மெலனின் சும்மா நிறத்துக்காக இல்லை. சூரியனின் புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யாமல் தடுக்கும் குடை அது. சித்திரை வெயிலில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்கு இயற்கையே பிடித்த குடை! அதை ஏன் மடக்கப் பார்க்க வேண்டும்?

பழமோ, மாவோ, பாலோ எதைத் தடவினாலும் பிறவி நிறம் மாறாது. மாற்றுகிறேன் என்று சொல்லும் சில களிம்புகளில் பாதரசம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிவப்பழகு என்று பல வருடம் விளம்பரம் செய்து விற்ற பெரிய களிம்பு ஒன்று, 2020ல் தன் பெயரில் இருந்த அந்தச் சொல்லையே எடுத்துவிட்டது. ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பியதுதான் காரணம்.

அப்படியானால் பழத்தை முகத்தில் படவே விடக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. வெயிலில் அலைந்து வந்த நாளில் வெள்ளரிப் பிஞ்சை வட்டமாக நறுக்கி, கண் மேலும் கன்னத்திலும் பத்து நிமிடம் வைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். குளுகுளுவென்று இருக்கும். வெள்ளரி காய்தானே என்கிறீர்களா? தாவரவியல் புத்தகத்தில் அதுவும் பழம்தான், விதை இருக்கிறதே! நன்றாகக் கனிந்த பப்பாளி ஒரு துண்டை மசித்து, ஒரு தேக்கரண்டி தயிர் சேர்த்து, ஐந்து நிமிடம் பூசிக் கழுவினால் தோல் மெத்தென்று தெரியும். பப்பாளியில் பப்பாயின் என்று ஒரு நொதி இருக்கிறது. அது புரதத்தைக் கரைக்கும். பிரியாணி செய்பவர்கள் கறி சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு துண்டு பப்பாளிக் காயைப் போடுவது அதனால்தான். கறியையே மென்மையாக்கும் என்றால், காயும் காயின் பாலும் முகத்தில் படவே கூடாது என்று புரிந்துகொள்ளுங்கள். கனிந்த பழம் மட்டும்தான். அதையும் முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்து, அரிப்போ சிவப்போ இல்லை என்றால்தான் மறுநாள் முகத்தில்.

இவையெல்லாம் விளையாட்டுக்குச் செய்து பார்க்கலாம். செய்யாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது. முகப்பரு வர ஆரம்பித்த அக்காக்கள், அண்ணன்கள் மட்டும் எதையும் பூச வேண்டாம். நகத்தால் கிள்ளவும் வேண்டாம்.

தண்ணீர்ப் பந்தல் பானகம்

இனி அடுப்பங்கரைப் பக்கம் வாருங்கள். முதலில், அடுப்பே பற்ற வைக்க வேண்டாத பானகம்.

ராமநவமிக்கும், சித்திரை மாதத் தண்ணீர்ப் பந்தலிலும் கொடுப்பார்களே, அதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வெல்லத்தைத் தட்டிப் போட்டுக் கரையுங்கள். வெல்லத்தில் மண்ணும் தூசியும் இருக்கும். கரைந்ததும் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பிறகு ஓர் எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து விடுங்கள். அரைத் தேக்கரண்டி சுக்குத் தூள், தட்டிய ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு. மண் பானையில் ஊற்றி வைத்தால் இன்னும் ருசி. சில வீடுகளில் எலுமிச்சைக்குப் பதில் புளி கரைத்து விடுவார்கள்.

வெயிலில் வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போய்விடுகின்றன. பானகம் இரண்டையும் திருப்பிக் கொடுக்கிறது. பச்சையாகப் பிழிவதால் எலுமிச்சையின் வைட்டமின் 'சி'யும் வீணாகாது. கொதிக்க வைத்தால் குறைந்துவிடும். முகத்தில் தேய்க்க வேண்டிய பழம் அல்ல, இப்படிக் குடிக்க வேண்டிய பழம் அது! ஆனால், வெல்லம் நல்லது என்று சொல்லி நாலு டம்ளர் குடிக்கக் கூடாது. வெல்லமும் சர்க்கரைதான்; பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடையில் பளபளப்பான டப்பாவில் விற்கும் 'பழ' பானங்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பெரிய மாம்பழப் படம் இருக்கும். டப்பாவைத் திருப்பிப் பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எது அதிகமாகக் கலந்திருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று விதி. பெரும்பாலும் தண்ணீர் முதலில் வரும், சர்க்கரையும் முன்னாலேயே இருக்கும். பழம் எத்தனை சதவீதம் என்று தேடிப் பாருங்கள். பலவற்றில் 10, 20க்கு மேல் இருக்காது. நாலைந்து டப்பாக்களைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி வகுப்பில் காட்டுங்கள். உங்கள் அறிவியல் ஆசிரியர் சந்தோஷப்படுவார்.

கறுத்துப்போன வாழைப்பழம்

வீட்டில் வாழைப்பழம் தோல் கறுத்துப் போனதும் யாரும் சீண்ட மாட்டார்கள். உண்மையில் அப்போதுதான் அது நன்றாக இனிக்கும். காயில் இருந்த மாவுச்சத்து முழுவதும் சர்க்கரையாக மாறியிருக்கும். அப்படி இரண்டு மூன்று பழத்தை உரித்து, வட்டமாக நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃபிரிஜ்ஜின் ஃபிரீசரில் ஓர் இரவு வைத்துவிடுங்கள். மறுநாள் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, அம்மாவையோ அப்பாவையோ மிக்ஸியில் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். முதலில் பொரிபொரியாக வரும். விடாமல் இன்னும் இரண்டு சுற்று. திடீரென்று வெண்ணெய் மாதிரி திரண்டுவிடும். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஐஸ்கிரீம் ரெடி! ஃபிரிஜ் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் ஏங்க வேண்டாம். அடுத்தது உங்களுக்குத்தான்.

பழனிப் பஞ்சாமிர்தம் சாப்பிட்டிருக்கிறீர்களா? 2019ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிக்குப் பக்கத்து மலைகளில் விளையும் விருப்பாச்சி வாழைப்பழம்தான் அதற்கு உயிர். அந்தப் பழத்தில் ஈரம் குறைவு. அதனால் பஞ்சாமிர்தம் தளர்ந்து ஓடாது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் இந்த ஐந்தோடு பேரீச்சையும் கற்கண்டும் சேரும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட மாட்டார்கள். பழனியில் வாங்கி வந்தது பல நாள் கெடாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. சர்க்கரையும் தேனும் இருக்கிற ஈரத்தை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்கின்றன. கிருமிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதில்லை!

வீட்டில் செய்யும்போது நான் இனிப்பைப் பாதியாகக் குறைத்துவிடுவேன். கனிந்த மலைவாழைப்பழம் நாலு, கொட்டை எடுத்த பேரீச்சை ஆறு, நாட்டுச் சர்க்கரை இரண்டு மேஜைக் கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி, நெய் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஒன்று. சுத்தமான கையால் பிசையுங்கள். கரண்டியால் பிசைந்தால் அந்த ருசி வராது, ஏனோ தெரியவில்லை! இனிப்புக் குறைவு என்பதால் இது அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும். தீராமல் எங்கே இருக்கப் போகிறது? வீட்டில் ஒரு வயது நிரம்பாத பாப்பா இருந்தால் மட்டும் அதன் வாயில் இதை வைக்காதீர்கள். அந்த வயதுக்குத் தேன் கூடவே கூடாது.

கடலில் இருந்து வந்த ஜெல்லி

கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ரமலான் மாதம் நோன்பு திறக்கும் நேரத்தில் தட்டில் கண்ணாடித் துண்டு மாதிரி வழுவழுவென்று நிற்குமே, கடற்பாசி! உண்மையிலேயே அது கடலில் வளரும் பாசியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ராமேஸ்வரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி பறித்து வருவார்கள். அதைக் கொதிக்க வைத்து எடுக்கும் சாறு ஆறினால் உறைந்துவிடும். அதை உலர்த்தினால் வெள்ளை நூல் மாதிரி ஆகிவிடும். மளிகைக் கடையில் கடற்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ கேட்டால் கொடுப்பார்கள்.

பத்து கிராம் கடற்பாசியைச் சின்னதாக வெட்டி, இரண்டு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரோடு அடுப்பில் வைத்து, நூல் முழுவதும் கரையும் வரை கிளற வேண்டும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. நீங்கள் பக்கத்தில் நின்று பழத்தை நறுக்குங்கள். கரைந்ததும் வடிகட்டி, இரண்டு டம்ளர் இளநீரும், இரண்டு மேஜைக் கரண்டி சர்க்கரையும் சேர்த்துக் கலக்குங்கள். தட்டில் மாம்பழம், பப்பாளி, மாதுளை முத்து, கறுப்பு திராட்சை என்று பரப்பி, மேலே ஊற்றி ஆற விடுங்கள். ஃபிரிஜ் வேண்டியதில்லை. வெளியே வைத்தாலே ஒரு மணி நேரத்தில் உறைந்துவிடும். வில்லை போட்டு எடுத்தால் கண்ணாடிக்குள் பழம் சிறைப்பட்ட மாதிரி இருக்கும். எலுமிச்சைச் சாற்றை மட்டும் இதில் நிறைய ஊற்றிவிடாதீர்கள். புளிப்பு அதிகமானால் ஜெல்லி இறுகாமல் சொதசொதவென்று போய்விடும்.

ஆப்பிள் நறுக்கிப் போட்டால் சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடுகிறதே, என்ன செய்வது? நறுக்கியதும் இரண்டு சொட்டு எலுமிச்சை தடவுங்கள். ஆப்பிளில் இருக்கும் ஒரு நொதியும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து செய்யும் வேலை அந்தப் பழுப்பு. எலுமிச்சையின் புளிப்பு அந்த நொதியை வேலை செய்ய விடாது. ஒரு துண்டில் தடவியும் ஒரு துண்டில் தடவாமலும் வைத்துப் பாருங்கள்.

அரிசிப் பானையில் மாம்பழம்

பழம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மாங்காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கச் சிலர் கால்சியம் கார்பைடு கல்லைப் பயன்படுத்துகிறார்கள். இது நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. அந்தக் கல்லில் ஆர்சனிக் போன்ற நஞ்சு கொஞ்சம் கலந்திருக்கும். மேலே ஒரே சீராக மஞ்சள், உள்ளே வெட்டினால் புளிப்பு, மணமே இல்லை என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

காயாகவே வாங்கி வீட்டில் பழுக்க வையுங்களேன். பாட்டிகள் மாங்காயை வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ புதைத்து வைப்பார்கள். பழுக்கிற காய் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். அந்த வாயு வெளியே போகாமல் சுற்றி நின்றால் காய் இன்னும் சீக்கிரம் பழுக்கும். இரண்டு மாங்காயை எடுங்கள். ஒன்றைக் கனிந்த வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு மூடுங்கள். இன்னொன்றைத் தனியே மேஜையில் வையுங்கள். எது முதலில் பழுக்கிறது என்று தினமும் முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். எங்கே வாங்கினாலும், ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெட்டி, ஈ மொய்க்கத் திறந்து வைத்து விற்கும் துண்டுகள் வேண்டவே வேண்டாம்.

நாவல் பழம், இலந்தை, கொடுக்காப்புளி, சீத்தாப்பழம் இவற்றையெல்லாம் அந்தந்தப் பருவத்தில் மறக்காமல் தின்னுங்கள். நாவல் தின்றுவிட்டு நாக்கை நீட்டிக் காட்டும் சந்தோஷத்துக்கு ஈடு ஏது?

கடைசியாக ஒன்று. பப்பாளி சாப்பிட்டதும் விதையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு விதையைச் சுற்றியும் வழவழப்பாக ஒரு உறை இருக்கும். அது இருக்கும் வரை விதை லேசில் முளைக்காது. சாம்பலில் புரட்டித் தேய்த்து, அந்த உறையை நீக்கிக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காய வையுங்கள். பிறகு ஒரு பழைய டப்பாவில் மண்ணும் மட்கிய எருவும் நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். ஒரு சாண் வளர்ந்ததும் கொல்லையிலோ பள்ளித் தோட்டத்திலோ தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து நடலாம். ஒரு கன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாக நடுங்கள். பல பப்பாளி ரகங்களில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் மரம் சரம் சரமாகப் பூக்கும், காய்க்காது. எது எது என்று பூத்த பிறகுதான் தெரியும்!